குழந்தைகளின் பற்களில் காணும் அரிய பிறவி வேறுபாடுகள்

மனித சரீரத்தின் உறுப்புக்களுள் தன் பிறப்பின் வரலாற்றைத் தன்னுள்ளேயே எழுதி வைத்துக்கொள்வது பல் ஒன்றே எனலாம். எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். தோல் கிழிந்தால் மீண்டும் மூடும். பல்லின் மேற்பூச்சாகிய பற்சிப்பி, அதாவது எனாமல், அத்தகையதன்று. அதனைக் கட்டிய உயிரணுக்கள் பல் வெளியே முளைக்குங் காலத்தில் அழிந்துபோகின்றன. பின்னர் அதனைப் புதுப்பிப்பார் எவருமில்லை. ஆதலின் கருவிலும் மழலைப் பருவத்திலும் நேர்ந்த குறை எதுவாயினும், அது பல்லில் அழியாத எழுத்தாய் நின்றுவிடுகிறது. அவ்வெழுத்தை வாசிக்கக் கற்பது வைத்தியருக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்தருவதாகும்.

நம் நாட்டில் குழந்தைக்குப் பல் முளைப்பது குடும்பத்தார் அனைவரும் நோக்கியிருக்கும் ஒரு நிகழ்ச்சி. கீழ்வரிசையின் நடுப்பற்கள் முதலில் தலைகாட்டினால் வீட்டார் மகிழ்வர். மேல்வரிசைப் பல் முந்திக்கொண்டாலோ, 'தாய்மாமனுக்கு ஆகாது' என்று முதியோர் கவலுறுவர். பிறக்கும்போதே பல்லோடு பிறந்த குழந்தையைப்பற்றிச் சொல்லவே வேண்டா. மலையடிவாரத்தே முல்லைப் பெரியாற்றின் பாய்ச்சலால் செழித்து விளங்கும் கூடலூர் முதலிய கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கும் இப்பேச்சு புதிதன்று. மக்கள் சகுனமாகக் கருதும் இவ்வேறுபாடுகளை வைத்தியர் குறியாகக் கொள்கின்றனர். சகுனம் அச்சத்தைத் தரும். குறியோ வழியைக் காட்டும். சில சமயங்களில் அக்குறி பல்லைப்பற்றியது மட்டுமன்று. குழந்தையின் உயிரைப்பற்றியதாகவும் இருக்கும். அஃது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லின் உற்பத்தி

தாயின் கருப்பையில் சிசு ஏறக்குறைய ஆறு வாரம் வளர்ந்தபோதே பற்களின் வித்து இடப்பட்டுவிடுகிறது. வாயின் உட்போர்வையிலிருந்து மெல்லிய பட்டையொன்று தாடைக்குள் இறங்குகிறது. அப்பட்டையில் ஆங்காங்கே மொட்டுக்கள் தோன்றுகின்றன. மொட்டு முதலில் குல்லாய் வடிவமும், பின்னர் மணி வடிவமும் கொள்கிறது. மணியின் உட்புறத்து அணுக்கள் எனாமலைக் கட்டுகின்றன. மணிக்குள் அடங்கிய மென்மையான திசுவின் அணுக்கள் டென்டின் என்னும் பல்லின் உடலைக் கட்டுகின்றன. கருவின் நான்காம் மாதத்தளவில் சுண்ணச்சத்துப் படியத் தொடங்குகிறது. குழந்தை பிறக்கும்போது பால் பற்கள் 20-ம் தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். நிலைப்பற்களுள் முதற் கடைவாய்ப்பல்லும் ஏறக்குறைய அப்போதே உறுதிபெறத் தொடங்கும்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. பல்லின் எனாமலைத் தரும் மேற்போர்வையே தோலையும், மயிரையும், நகத்தையும், வியர்வைச் சுரப்பிகளையும் தருகிறது. இவை யாவும் ஒரே மரபில் தோன்றிய உடன்பிறப்புக்கள். ஆதலின் பல்லில் தோன்றிய குறை இவற்றுள் வேறொன்றிலும் இருத்தல் கூடும்.

பற்களின் பிறவி வேறுபாடுகளைக் காலத்தால் வருவன, வடிவத்தால் வருவன, பொருளால் வருவன, எண்ணிக்கையால் வருவன என நால்வகையாகப் பகுத்துக்கொள்ளலாம்.

காலத்தால் வரும் வேறுபாடு

பால் பற்கள் சாதாரணமாக ஆறாம் மாதத்தளவில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை அல்லது மூன்று வயதுக்குள் நிறைவுபெறும். சில மாதங்கள் முன்பின்னாக வருதல் இயல்பே. மேல்வரிசை முந்துதலும் அத்தகையதே. அதனால் எவருக்கும் யாதொரு தீங்குமில்லை.

பிறக்கும்போதே காணப்படும் பல்லைப் பிறவிப்பல் என்றும், பிறந்து முப்பது நாளைக்குள் முளைப்பதைச் சிசுப்பல் என்றும் வழங்கலாம். இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் பிரசவங்களுக்கு ஒன்றாக இது நேரிடுகிறது என்பர். இவற்றுட் பெரும்பாலானவை கீழ்வரிசை நடுப்பற்களே. இவை மிகையாக வந்த பற்கள் என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று, பத்தில் ஒன்பது, காலத்துக்கு முன் வந்த சொந்தப் பால் பற்களே. அவற்றைப் பிடுங்கிவிட்டால் அவ்விடத்தில் வேறு பால் பல் முளைக்காது. நிலைப்பல் வரும் ஆறு வயது வரையில் அங்கே வெற்றிடமே நிற்கும்.

ஆகவே பிறவிப்பல்லைக் கண்டவுடன் நூல்கட்டி இழுத்தல் தகாது. பல் மிகவும் ஆடி, கழன்று மூச்சுக்குழலில் விழக்கூடும் என்ற நிலையிலும், பாலூட்ட முடியாத நிலையிலுமே அதனை எடுப்பர். பிறந்த முதற் சில நாட்களில் இரத்தத்தை உறையச்செய்யும் வைட்டமின் கே குழந்தையிடம் குறைவு. அதனால் இரத்தப்பெருக்கு உண்டாகலாம். வைத்தியர் பத்து நாள் காத்திருப்பதும், அல்லது அச்சத்தை ஊசிமூலம் தந்தபின் எடுப்பதும் இக்காரணம்பற்றியே. பல்லின் கூர்மை நாக்கின் அடிப்புறத்தைக் கிழித்துப் புண்ணாக்கினால், முனையைத் தேய்த்து வழுவழுப்பாக்கினாலே பெரும்பாலும் போதும்.

பல்லோடு பிறந்தவன் குடிகெடுப்பான் என்பார்க்குப் பிரான்சு தேசத்து அரசன் பதினான்காம் லூயியின் வரலாறு விடை கூறும். அவன் 1638-ஆம் வருஷம் பற்களோடு பிறந்ததாகக் கூறுவர். 1643 முதல் 1715 வரை எழுபத்திரண்டு ஆண்டுகள் அரியணையில் வீற்றிருந்தான். சகுனம் பார்ப்போர் இதனை எவ்வாறு கணக்கிடுவாரோ அறியோம்.

வடிவத்தால் வரும் வேறுபாடு

சில குழந்தைகளின் முன்வரிசையில் இயல்புக்கு மீறி அகன்ற பல் ஒன்று, நடுவே கோடு விழுந்து, காணப்படும். இதனை இரட்டைப்பல் என்பர். இரண்டு மொட்டுக்கள் ஒன்றாய் இணைந்தாலும் இவ்வாறாகும். ஒரு மொட்டு இரண்டாகப் பிளக்க முயன்றாலும் இவ்வாறாகும். எவ்வகையென அறிதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. இரட்டைப்பல்லை ஒன்றாகக் கொண்டு வரிசையை எண்ணுக. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் பெரும்பாலும் இரண்டு இணைந்தன. குறையாவிட்டால் ஒன்று பிளவுபட்டது. நடுக்கோட்டில் உணவு தங்கிச் சொத்தை விழுமாதலால் அதனை நாள்தோறும் நன்கு துலக்குதல் வேண்டும். இரட்டைப் பால் பல் உள்ள இடத்தில் பின்னர் வரவேண்டிய நிலைப்பல் இல்லாமற் போவதும் உண்டாகையால், ஐந்தாறு வயதளவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நலம்.

இதனினும் அரியது, முன்பல்லின் உட்புறத்தில் கழுகின் நகம்போல் வளைந்து நிற்கும் ஒரு மிகைக் கூர். மிட்செல் என்பார் 1892-ல் இதனை முதன்முதல் விவரித்தார். கழுகு நகத்தை நினைவூட்டும் பெயர் 1970-ல் இடப்பட்டது. நாக்குக்கும் கடிப்புக்கும் இடையூறாக இருத்தலால் அதனை உடனே அராவி எறியத் தோன்றும். ஆனால் அக்கூரினுள் பல்லின் உயிர்ப்பகுதியாகிய கூழ் நீண்டிருத்தல் கூடும். ஆகவே வைத்தியர் சிறிது சிறிதாக, வாரக்கணக்கான இடைவெளி விட்டுத் தேய்ப்பர். பிளவுபட்ட உதடும் அண்ணமும் உடைய குழந்தைகளிடத்தும், சில பிறவி நோய்க் கூட்டங்களிலும் இவ்வகைக் கூர் காணப்படுகின்றது.

பொருளால் வரும் வேறுபாடு

எண்ணிக்கையும் வடிவமும் சரியாக இருந்து, பல்லின் பொருளே குறைபடுவதும் உண்டு. எனாமல் மெலிந்தோ, குழிகள் விழுந்தோ, மஞ்சளும் பழுப்புமாகவோ, பால் பல்லிலும் நிலைப்பல்லிலும் ஒருங்கே தோன்றும் பரம்பரைக் குறைக்கு அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்பது வைத்திய நூற்பெயர். இதன் பரவல் தேசத்துக்குத் தேசம் மாறுபடும். வட சுவீடனில் 700 பேருக்கு ஒருவர் என்றும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 14,000 பேருக்கு ஒருவர் என்றும் கணக்கிட்டுள்ளனர். இக்குழந்தைகள் பல் துலக்காத சோம்பேறிகள் என்று பள்ளியில் ஏளனம் செய்யப்படுவது பெருங்கொடுமை. குளிர்ந்த நீரும் அவர்க்குக் கூசும். துலக்குவதே வலியைத் தரும்.

டென்டின் பிழைபட்டால் பற்கள் நீலமும் பழுப்பும் கலந்து ஒளி ஊடுருவுவனபோல் தோன்றி, விரைவில் தேய்ந்து ஈறுமட்டமாகிவிடும். இக்குறை தனித்தும் வரும். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயின் ஒரு பகுதியாகவும் வரும். அடிக்கடி கை கால் முறியும் குழந்தையைக் கண்டு, பெற்றோர் அடித்தனரோ எனப் பிறர் ஐயுறும்போது, அதன் பற்களை நோக்கிய வைத்தியர் உண்மையைக் கண்டுகொள்வார். அவ்வாறே ஐந்து வயதாகுமுன், அடிபடாமலும் சொத்தையின்றியும், வேர் கரையாமல் முழு வேரோடு பால் பல் விழுமாயின் அதனையும் எளிதாக எண்ணலாகாது. எலும்பில் சுண்ணம் படியாமற் செய்யும் ஹைப்போஃபாஸ்ஃபட்டேசியா என்னும் நோயின் முதற்குறி அதுவாக இருக்கலாம். ராத்பன் என்னும் வைத்தியர் 1948-ல் இந்நோய்க்குப் பெயரிட்டார். குறைபட்ட நொதியை ஊசிமூலம் அளிக்கும் சிகிச்சை 2015-ல் அங்கீகாரம் பெற்றது.

பழுப்புப் பல் யாவும் பரம்பரைக் குறையல்ல என்பதும் அறியத்தக்கது. குடிநீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பின், நிலைப்பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் எனாமல் கெட்டு வெண்புள்ளிகளும் பழுப்புக் கோடுகளும் விழும். 1937-ல் ஷார்ட் முதலிய வைத்தியர்கள் அக்காலத்துச் சென்னை இராஜதானியைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இந்நோயை ஆராய்ந்து வெளியிட்டனர். நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்கள் இதனால் மிகவும் வருந்தின; காவிரி நீரை அங்கே கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் பல் பழுத்திருந்தால் அப்பிள்ளையின் தேகத்தை ஆராய்க. தெருவெல்லாம் பழுத்திருந்தால் கிணற்றை ஆராய்க.

எண்ணிக்கையால் வரும் வேறுபாடு: சிந்து தேசத்துக் குடும்பம்

இனி, உயிருக்கே தொடர்புடையது என்று மேலே குறித்த குறையை நோக்குவோம். பற்கள் பல இல்லாமலே பிறத்தல் அது. இதன் புகழ்பெற்ற உதாரணம் அக்காலத்து இந்தியாவிலேயே, சிந்து மாகாணத்தில் கண்டறியப்பட்டது.

இயற்கை நூற்புலவராகிய சார்லஸ் டார்வின், வீட்டு விலங்குகளும் பயிர்களும் வேறுபடும் முறையைப்பற்றித் தாம் இயற்றிய நூலின் 1875-ஆம் வருஷத்துப் பதிப்பில், சிந்து தேசத்து இந்துக் குடும்பம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். வெட்டர்பர்ன் என்பார் தெரிவித்த செய்தி அது. அக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆடவர்க்கு, இரு தாடைகளிலும் சேர்த்து, சிறிய வலுவற்ற முன்பற்கள் நான்கும் கடைவாய்ப் பற்கள் எட்டுமே இருந்தன. அவர்கள் உடலில் மயிர் மிகக் குறைவு. இளமையிலேயே தலை வழுக்கையாயிற்று. வெயிற்காலத்தில் தோல் வறட்சியால் மிகவும் துன்புற்றனர். பெண்மக்களுள் ஒருவருக்கும் இக்குறை இல்லை. ஆயினும் அப்பெண்மக்களின் ஆண்பிள்ளைகளுக்கு வந்தது. குறையுடைய தந்தையிடமிருந்து மகனுக்கு வரவேயில்லை. 1921-ல் தடானி என்பாரும் சிந்து தேசத்துப் பல்லில்லா மக்களைப்பற்றி ஆராய்ந்து எழுதினார்.

மெண்டலின் மரபு விதிகள் மீண்டும் வெளிப்பட்டது 1900-ல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே டார்வின் எழுதிவைத்த இக்குறிப்பு, பிற்கால அறிவோடு அணுவளவும் முரண்படவில்லை. எக்ஸ் என்னும் குரோமோசோமில் உள்ள, இக்குறைக்குக் காரணமான மரபணு 1996-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது தாயிடமிருந்து வருவது. அதிலுள்ள மரபணு பழுதாயின் அதனை ஈடுசெய்ய வேறில்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டாதலின், ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று பெரிதும் காக்கும். அத்தகைய தாய்க்கு ஒன்றிரண்டு பற்கள் இல்லாமலோ, முளைக்குச்சிபோல் கூம்பியோ இருக்கலாம், அவ்வளவே. அவள் பெறும் ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் இக்குறை வருவதும் வராமையும் சரிபாதி வாய்ப்பு.

இந்நோயில் வறண்ட தோலே பல்லைக்காட்டிலும் அஞ்சத்தக்கது. இவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை, அல்லது மிகச் சில. வியர்வை ஆவியாகும்போது உடற்சூட்டைக் கொண்டுசெல்லுகிறது. அவ்வழி அடைபட்டால் வெயிலிலும், காய்ச்சலிலும், ஓடியாடும்போதும் சூடு உடம்பிலேயே தங்கி அளவுகடந்து ஏறும். வலிப்பும் மூளைக்குக் கேடும் மரணமும் நேரிடக்கூடும். பெரும் அபாயம் முதல் இரண்டு மூன்று வயதுக்குள்ளேயாம். காரணந் தெரியாத காய்ச்சல் என்று மருந்துக்குமேல் மருந்து தருவர். போர்வைக்குமேல் போர்வை போர்த்துவர். போர்த்துவது இங்கே நஞ்சிடுவதை ஒக்கும். நிழலும், ஈரத்துணியும், காற்றும், தண்ணீருமே இக்குழந்தைக்கு மருந்து.

இத்தகைய குழந்தையை எவ்வாறு அறிவது? ஒன்றரை வயதாகியும் ஒரு பல்லேனும் முளையாமை. முளைத்த சிலவும் கூம்பு வடிவாக இருத்தல். தலைமயிரும் புருவமும் அருகியிருத்தல். வெயிலில் முகஞ் சிவந்தும் நெற்றியில் ஈரம் தோன்றாமை. வெயிற்காலந்தோறும் காய்ச்சல் வருதல். இவற்றுட் சில கூடியிருப்பின் வைத்தியரிடம் காட்டுவதில் ஒருநாளும் தாமதித்தலாகாது. அறிவில் இக்குழந்தைகள் யாருக்கும் குறைந்தவரல்லர். வெப்பத்திலிருந்து காக்கப்படின் நீடு வாழ்வர்.

தாய்மாமனும் பல்லும்

'தாய்மாமனுக்கு ஆகாது' என்ற பழஞ்சொல்லை இங்கே மீண்டும் நினைவுகூர்வோம். பல்லில்லாக் குழந்தையைக் காணும் வைத்தியரும் தாய்மாமனைப்பற்றியே வினவுவார். 'உங்கள் உடன்பிறந்தானுக்குப் பற்கள் எத்தனை? அவனுக்கு வியர்க்குமா? உங்கள் தாயாரின் உடன்பிறந்தார் எவரேனும் சிறுவயதில் காய்ச்சலால் இறந்தனரா?' என்பன அவர் தாயிடம் கேட்கும் வினாக்கள். குழந்தையின் பல் மாமனுக்குத் தீங்கு செய்வதில்லை. மாமனின் பல் குழந்தையின் நோயை விளக்குகிறது.

நம் நாட்டில் அக்காள் மகளை மணப்பதும், அத்தை மகனையும் மாமன் மகனையும் மணப்பதும் நெடுநாள் வழக்கம். இக்குறையுடைய ஒருவன் தன் அக்காள் மகளை மணந்தானாயின், அவளும் பழுதுபட்ட எக்ஸ் ஒன்றைத் தாங்கியவளாக இருக்கக்கூடும். அப்போது சிந்து தேசத்தில் காணாத புதுமையாக, பெண்குழந்தைகளுக்கும் நோய் முழுவலிமையோடு வரலாம். வேறு சில பற்குறைகள், தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது கூடினாலன்றி வெளிப்படாதவை. உறவுக்குள் மணப்போர்க்கு அவ்வகைக் கூட்டம் நேர்வது எளிது. வழக்கத்தைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. குடும்பத்தில் இத்தகைய குறை உண்டெனத் தெரிந்தவர் மணம் பேசுமுன் மரபியல் வல்ல வைத்தியரைக் கலந்துகொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரமாகும்.

செய்யத்தக்கன

இல்லாத பல்லுக்கு என் செய்வது என்று சோர்வுற வேண்டா. மூன்று வயதளவிலேயே சிறு பற்செட்டுச் செய்து பொருத்தலாம். தாடை வளர வளர அதனை மாற்றிக்கொண்டு வருவர். மெல்லவும் பேசவும் மற்றப் பிள்ளைகளோடு கூச்சமின்றிச் சிரிக்கவும் அது துணைசெய்யும். வளர்ச்சி முடிந்தபின் எலும்பில் ஊன்றும் நிலையான பற்களைப் பொருத்தலாம். கருவிலேயே சிகிச்சை செய்யும் முயற்சியும் தோன்றியுள்ளது. செருமனி தேசத்து எர்லாங்கன் நகர வைத்தியர்கள், இல்லாத புரதத்தைச் சிசுவைச் சூழ்ந்த நீரில் செலுத்தியதில், இரட்டையர் உட்பட மூன்று ஆண்குழந்தைகள் இயல்பாக வியர்க்கும் தன்மையோடு பிறந்தனர். இச்செய்தி 2018-ல் வெளியாயிற்று. மூவரை மட்டுங்கொண்டு முடிவுகட்டுதல் கூடாதாயினும், வழி திறந்திருக்கிறது என்பது உறுதி.

நம் ஊர்களில் செய்யக்கூடியது இதனினும் எளிது. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று பிறவிக் குறைகளைச் சோதிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் அனுப்புதல் பெற்றோர் கடமை. கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியே தேனிக்குப் பஸ்கள் செல்கின்றன. கம்பத்தில் அரசு மருத்துவமனையும், தேனிக்கு அப்பால் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. பல் முளையாத பிள்ளையைச் சித்திரை வெயிலில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் தோளிற் சுமந்து நிற்குமுன், அதற்கு வியர்க்கிறதா என்று ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! உங்கள் தெருவில் பல்லைப்பற்றிய பழிச்சொல்லைக் கேட்பீராயின் மௌனமாக இராதீர். பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ என்று சீடர் கேட்டபோது, இருவர்மேலும் பழியில்லை என்று உரைத்த பெருமானின் பெயரால் அமைந்த கல்லூரியில் பயில்கிறோம். தாயைப் பழிக்கும் வாயை அடக்கி, குழந்தையின் வாயைத் திறந்து பற்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவதற்குப் படிப்பு வேண்டுவதில்லை. ஒரு நிமிஷமும் அன்பும் இருந்தாற் போதும்.